கஞ்சாச் செடியும் எதிர் வீட்டுப் பாட்டியும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதிர் வீட்டுப் பாட்டி என்னைத் தேடிக் கொண்டு வந்தாள். பாட்டிக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல் ஆகிறது. முழங்கால் வலி பொல்லாத வலி. மாடிப்படி ஏறி வருகிறவளே அல்ல. ஏறி வந்திருக்கிறாள் என்றால் விஷயம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணிக் கொண்டேன்.

புடவைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு சின்னஞ்சிறு புட்டியை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். வெளி தேசத்தில் உத்தியோகம் பார்க்கும் மூத்த பேரன், பாட்டியின் முழங்காலுக்கென்று ஆசையாய் வாங்கி வந்த எண்ணெயாம். தினம் இரண்டு வேளை நாக்கின் அடியில் சில சொட்டு விட்டுக் கொண்டால் வலி பறந்து போய்விடுமாம்.

"ஏண்டியம்மா, நீ பத்திரிகையிலே எழுதுகிறவள். நாலு விஷயம் தெரிந்தவள். இந்தப் படத்தைப் பார்த்துச் சொல்லு. இது என்ன இலை?"

பார்த்தேன். விரித்த கைவிரல் மாதிரி ஏழு நீண்ட இதழ்கள். ஓரமெல்லாம் அரத்தின் பற்கள். சந்தேகமே இல்லை, கஞ்சா இலை!

"நான் அப்போதே நினைத்தேன்! இந்த வயதிலே என்னைக் கஞ்சா சாப்பிடச் சொல்கிறானே இந்தப் பிள்ளை!" என்று பாட்டி கன்னத்தில் போட்டுக் கொண்டாள்.

பாட்டியைக் கைப்பிடித்து அழைத்து வந்திருந்த சின்னப் பேரன் பக்கத்தில் நின்று சிரித்தான். காலேஜில் இரண்டாவது வருஷம் படிக்கிறவன். "அது வெறும் இலைதானே, பாட்டி? துளசி மாதிரி, வேப்பிலை மாதிரி. தானாக முளைக்கிற செடி எப்படிக் கெடுதல் செய்யும்? எங்கள் காலேஜில்கூட..." என்று ஆரம்பித்தவன், நான் நிமிர்ந்து பார்த்ததும் சட்டென்று பேச்சை நிறுத்திக் கொண்டான்.

பாட்டி பயப்பட்டதற்குச் சொன்ன காரணம் தப்பு. பேரன் பயப்படாமல் இருந்ததற்குச் சொன்ன காரணம் அதைவிடப் பெரிய தப்பு. இருவருமே அந்தச் செடியை ஒரே ஒரு பொருளாக நினைத்து விட்டார்கள். உண்மையில் அது ஒரு பொருள் அல்ல. ஒரு பெரிய மளிகைக் கடை. அதற்குள்ளே நாரும் இருக்கிறது, பருப்பும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது, மயக்கமும் இருக்கிறது. எது எதுவென்று தெரிந்து கொள்ளாமல் கடைக்குள் கையை விட்டால் ஆபத்துதான். பாட்டிக்கும் பேரனுக்கும் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

சணல் வேறு, ஹெம்ப் வேறு

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். நம் வீட்டு அரிசி மூட்டையின் சாக்கு நெய்யப்படுகிற சணல் வேறு செடி. வயலில் தழையுரமாக விதைத்து மடக்கி உழுகிற சணப்பு இன்னொரு செடி. இரண்டுக்கும் கஞ்சாவுக்கும் எவ்வித உறவும் கிடையாது. ஆங்கிலத்தில் 'ஹெம்ப்' என்று சொல்லப்படுவதோ சாக்ஷாத் கஞ்சாச் செடியேதான். நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிடப்படும் வகைக்கு அந்தப் பெயர்.

பாய்மரக் கப்பல்களின் காலத்தில் கயிறும் பாயும் இந்த நாரினால் செய்தார்கள். 'கான்வாஸ்' என்ற சொல்லே இந்தச் செடியின் லத்தீன் பெயரிலிருந்து பிறந்ததுதான். இமயமலைச் சாரலில் குமாவூன், கட்வால் பக்கத்து வீடுகளில் இதன் விதையை வறுத்து, மிளகாயும் உப்பும் எலுமிச்சஞ்சாறும் சேர்த்துச் சட்னி அரைக்கிறார்கள். நாம் எள்ளைத் துவையல் அரைப்பது போலத்தான். அதைச் சாப்பிட்டு யாரும் மயங்கி விழுவதில்லை. நமது தேசத்து உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும் 2021-ஆம் வருஷம் இந்த விதையையும் விதை எண்ணெயையும் சில கட்டுப்பாடுகளுடன் உணவாக அங்கீகரித்திருக்கிறார்கள்.

அப்படியானால் மயக்கம் எங்கே இருக்கிறது? பெண் செடியின் பூங்கொத்தில் இருக்கிறது. அந்தப் பூவின் மேலும் அதைச் சுற்றியுள்ள சிறு இலைகளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள் உண்டு. ஒவ்வொரு மயிரின் தலையிலும் ஒரு துளி பிசின். 'கன்னபினாய்டுகள்' என்று ரசாயன சாஸ்திரிகள் அழைக்கும் பொருள்கள் அந்தப் பிசினில்தான் இருக்கின்றன. ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கு மேல். இலையை அரைத்தால் பாங். பூவை உலர்த்தினால் கஞ்சா. பிசினைத் திரட்டினால் சரஸ்.

ஒரே மாவு, இரண்டு பலகாரம்

இந்த நூற்றில் நாம் முக்கியமாய் அறிய வேண்டியவை இரண்டுதான். ஒன்றின் பெயர் டெட்ராஹைட்ரோகன்னபினால், சுருக்கமாக டி.எச்.சி. மற்றொன்று கன்னபிடியால், சுருக்கமாக சி.பி.டி.

ஓர் ஆச்சரியம் கேளுங்கள். இரண்டிலும் இருப்பது 21 கார்பன் அணு, 30 ஹைட்ரஜன் அணு, 2 ஆக்ஸிஜன் அணு. ஒன்றுகூட அதிகமில்லை, குறைவில்லை. ஒரே மாவைத் தட்டில் ஊற்றினால் இட்லி, கல்லில் ஊற்றினால் தோசை என்பது போல, அதே அணுக்கள் ஒருவிதமாய்ச் சேர்ந்தால் டி.எச்.சி., வேறுவிதமாய்ச் சேர்ந்தால் சி.பி.டி. ஆனால் முதலாவது புத்தியை மயக்குகிறது; இரண்டாவது மயக்குவதில்லை. நார் வகைச் செடியில் டி.எச்.சி. மிகச் சொற்பம். 2018-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டப்படி நூற்றுக்கு 0.3 பங்குக்கு மேல் போகாத செடிக்குத்தான் ஹெம்ப் என்று பெயர். போதைக்காக வளர்க்கிற செடியிலோ நூற்றுக்குப் பத்து, பதினைந்து என்று இருக்கிறது.

இந்த உண்மையைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்கு வெகு காலம் பிடித்தது. அந்தக் கதை நம் நாட்டிலேதான் ஆரம்பமாகிறது.

கல்கத்தாவில் ஒரு கைக்குழந்தை

1839-ஆம் வருஷம். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வில்லியம் ஓஷாநெஸி என்று ஓர் ஐரிஷ் டாக்டர் இருந்தார். பிற்காலத்தில் இந்தியாவில் தந்திக் கம்பி போட்டுப் பெயர் வாங்கினவர் இவரேதான். நம் நாட்டு வைத்தியர்கள் கஞ்சாவை மருந்தாக உபயோகிப்பதைப் பார்த்து, பண்டிதர்களிடமும் ஹக்கீம்களிடமும் விசாரித்து அறிந்தார். முதலில் மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகு தனுர்வாதம், காலரா முதலிய நோய்களால் துன்பப்பட்டவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்.

பிறந்து நாற்பது நாளேயான ஒரு பெண் குழந்தைக்கு ஓயாத வலிப்பு கண்டது. அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் கஞ்சாச் சாரத்தைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார். வலிப்பு நின்றது, குழந்தை பிழைத்தது.

அந்தச் செய்தி சீமைக்குப் போய் அங்கே வைத்தியர்களும் கஞ்சாச் சாரத்தைக் கையாள ஆரம்பித்தார்கள். ஆனால் ஒரு புட்டி குணம் செய்தது; அடுத்த புட்டி ஒன்றும் செய்யவில்லை; அதற்கடுத்தது நோயாளியைப் பிதற்ற வைத்தது. உள்ளே வேலை செய்கிற பொருள் இன்னதென்று தெரியாமல் எப்படி அளவு சொல்வது? அபினியிலிருந்து மார்பினைப் பிரித்தெடுத்தாகி விட்டது. கோகா இலையிலிருந்து கொக்கேனைப் பிரித்தாகி விட்டது. கஞ்சாவின் பிசினோ கையில் ஒட்டிக் கொண்டு, பிடி கொடுக்காமல் நூறு வருஷத்துக்கு மேல் போக்குக் காட்டியது.

பஸ்ஸில் போன ஐந்து கிலோ

1960-களின் தொடக்கத்தில் இஸ்ரேல் நாட்டில் ரெஹோவோத் என்னும் ஊரிலுள்ள வைஸ்மன் விஞ்ஞான நிலையத்தில் ரபேல் மெஷூலம் என்ற இளம் விஞ்ஞானி இருந்தார். பல்கேரியாவில் 1930-இல் பிறந்து இஸ்ரேலில் குடியேறியவர். கஞ்சாவின் மர்மத்தை அவிழ்ப்பதென்று தீர்மானித்தார். ஆராய்ச்சிக்குச் சரக்கு வேண்டுமே! போலீஸாரிடம் போய்க் கேட்டார். லெபனானிலிருந்து கடத்தி வந்து பிடிபட்ட சரஸில் ஐந்து கிலோவைக் கொடுத்தார்கள். மனிதர் அதைப் பையில் போட்டுக் கொண்டு சாதாரண பஸ்ஸில் ஏறி ஊர் திரும்பினார். பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் இதென்ன வாசனை என்று மூக்கைச் சுளித்தார்களாம். கொடுத்ததும் சட்ட விரோதம், வாங்கியதும் சட்ட விரோதம் என்பது பிறகுதான் தெரிய வந்தது. மன்னிப்புக் கேட்டுக் கொண்டதோடு விஷயம் முடிந்தது.

அந்த ஐந்து கிலோவிலிருந்து, 1963-இல் சி.பி.டி.யின் அமைப்பைக் கண்டார். 1964-இல் காவோனி என்ற சகாவுடன் சேர்ந்து டி.எச்.சி.யைத் தனியே பிரித்து அதன் அமைப்பையும் வெளியிட்டார். நூறு வருஷப் புதிர் அவிழ்ந்தது.

பிரித்தது சரி; மனிதர்களுக்கு அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டாமா? இந்த இடத்தில் அவருடைய மனைவி டாலியா அம்மாள் உதவிக்கு வந்தார். வீட்டில் கேக் செய்தார். சில துண்டுகளில் 10 மில்லிகிராம் டி.எச்.சி.; மற்றவற்றில் ஒன்றுமில்லை. நண்பர்கள் பத்துப் பேர் சம்மதித்துச் சாப்பிட்டார்கள். வெறும் கேக் தின்ற ஐவருக்கு ஒன்றும் நேரவில்லை. மற்ற ஐவரில் ஒருவர் தமக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று சொல்லிக் கொண்டு ஓயாமல் பேசிக் கொண்டேயிருந்தார். இன்னொருவர் நிமிஷத்துக்கு நாலு தரம் சிரித்தார். வேறொருவரை இனம் தெரியாத பயம் பிடித்துக் கொண்டது.

ஒரே சமையல், ஒரே அளவு. ஆனால் ஆளுக்கு ஒரு விளைவு! சிநேகிதன் சாப்பிட்டுச் சிரித்தான் என்பதற்காக நம் பிள்ளையும் சிரிப்பான் என்பது நிச்சயமில்லை. சிநேகிதனுக்கு வந்தது சிரிப்பு. இவனுக்கு வருவது பீதியாக இருக்கலாம்.

பந்தியில் ஒரு கை

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். எங்கோ மலைச்சாரலில் முளைக்கிற செடியின் பிசினுக்கும் நம் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

1988-இல் அமெரிக்காவில் ஆலின் ஹௌலெட் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய மாணவர் டெவேனும் மூளையில் டி.எச்.சி. வகைப் பொருள் போய் உட்காருவதற்கென்றே தனி இடங்கள் இருப்பதைக் கண்டார்கள். 'ஏற்பி' என்பது அவற்றின் பெயர். கடவுள் என்ன, மனிதன் கஞ்சா குடிக்கட்டும் என்றா மூளையில் நாற்காலி போட்டு வைத்தார்? நம் உடம்பிலேயே ஊறுகிற ஏதோ ஒரு பொருளுக்காகத்தான் அந்த நாற்காலி இருக்க வேண்டும் என்று தேடினார்கள். 1992-இல், மெஷூலமின் குழுவினர் அப்பொருளைப் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? நம்முடைய 'ஆனந்தம்' என்ற வார்த்தையை எடுத்து 'ஆனந்தமைடு' என்று வைத்தார்கள்! சில வருஷங்களில் இதே வேலையைச் செய்யும் இன்னொரு பொருளும் அகப்பட்டது.

இந்த ஆனந்தமைடின் வேலை என்ன? கல்யாணப் பந்தியை நினைத்துக் கொள்ளுங்கள். பரிமாறுகிறவர் சாதத்தை அள்ளி அள்ளிப் போடுகிறார். இலையில் உட்கார்ந்திருப்பவர் வேண்டிய மட்டும் வாங்கிக் கொண்டு, உள்ளங்கையை இலைக்கு மேல் நீட்டி, "போதும், போதும்!" என்கிறார். பரிமாறுகிறவர் கை நிற்கிறது.

மூளையிலும் இதுவே நடக்கிறது. ஒரு நரம்பணு அடுத்த நரம்பணுவுக்குச் செய்தியைப் பரிமாறிக் கொண்டே இருக்கிறது. செய்தி மிதமிஞ்சிப் போகும்போது, வாங்குகிற நரம்பணு தன் மேல்தோலின் கொழுப்பிலிருந்து அந்தக் கணமே இந்தப் பொருளைத் தயாரித்து எதிர்த் திசையில் அனுப்புகிறது. கொடுக்கிற நரம்பணு அதை ஏற்று, கையை நிறுத்திக் கொள்கிறது. வேலை முடிந்ததும் பொருள் கரைந்து போகிறது. எந்த இலைக்குப் போதுமோ அந்த இலைக்கு மட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் மட்டும்.

டி.எச்.சி. என்ன செய்கிறது? வெளியிலிருந்து வந்த யாரோ ஒருவர் பந்தி மண்டபத்தின் நடுவில் நின்று, ஒலிபெருக்கியைப் பிடித்துக் கொண்டு, "எல்லாருக்கும் போதும்!" என்று இரண்டு மூன்று மணி நேரம் கத்தினால் எப்படி இருக்கும்? குழம்பு வராத இலைக்குக் குழம்பும் வராது. தண்ணீர் கேட்டவருக்குத் தண்ணீரும் வராது. அதுதான் போதை!

ஞாபகத்தைப் பதிக்கும் இடத்தில் இந்த ஏற்பிகள் நிறைய. ஆகவே இப்போது படித்தது இப்போதே மறந்து போகிறது. கை கால்களைச் சீராக நடத்தும் சிறுமூளையில் நிறைய. ஆகவே ஸ்கூட்டர் ஓட்டுவது ஆபத்து. பசியை நடத்தும் இடத்தில் இருக்கிறது. ஆகவே அகோரப் பசி. பயத்தை நடத்தும் இடத்தில் இருக்கிறது. ஆகவே சிலருக்குப் பயம் தீர்கிறது, சிலருக்குப் பயம் பிடிக்கிறது. இருதயம் படபடவென்று அடிக்கிறது. கண் சிவக்கிறது. வாய் உலருகிறது. மூச்சை நடத்தும் இடத்தில் மட்டும் இந்த ஏற்பிகள் வெகு குறைவு. அதனால்தான் அபினியைப் போல இது பெரியவர்களின் மூச்சை நிறுத்துவதில்லை. ஆனால் கஞ்சா கலந்த மிட்டாயைத் தெரியாமல் தின்ற சின்னக் குழந்தைகள் நினைவிழந்து ஆஸ்பத்திரிக்கு வந்ததுண்டு.

புகைத்தால் சில நிமிஷங்களில் தலைக்கேறுகிறது. பாங் லேகியமாகவோ பாலில் கலந்தோ சாப்பிட்டால் அரை மணியிலிருந்து இரண்டு மணி வரை ஒன்றும் தெரிவதில்லை. 'ஒன்றும் ஆகவில்லையே' என்று இரண்டாவது டம்ளர் குடிப்பார்கள். இரண்டும் சேர்ந்து ஏறும்போது, ஹோலிப் பண்டிகை ஆஸ்பத்திரியில் முடிகிறது.

"சரி, இந்த ஏற்பிகளையே அடைத்து விட்டால் பசி குறையுமே, உடம்பு இளைக்குமே!" என்று ஒரு மருந்துக் கம்பெனி யோசித்தது. ரிமோனபன்ட் என்ற மாத்திரை 2006-இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. உடம்பு இளைத்தது உண்மை. ஆனால் மனமும் வாடியது. மாத்திரை சாப்பிட்டவர்களில் சிலருக்கு ஆழ்ந்த மனச்சோர்வும் உயிரை மாய்த்துக் கொள்ளும் எண்ணமும் வந்தன. 2008-இல் மாத்திரையை நிறுத்தி விட்டார்கள். பரிமாறுகிறவரின் காதை அடைப்பதும் ஆபத்து. ஒலிபெருக்கி வைத்துக் கத்துவதும் ஆபத்து.

தாய்மார்கள் கவனிக்க

இன்னொரு விஷயத்தைக் கேட்டால் நம் பெண்களுக்குச் சிலிர்க்கும். இந்த 'போதும்' பொருள்கள் தாய்ப்பாலிலும் இருக்கின்றன. பிறந்த அன்றே சுண்டெலிக் குஞ்சுகளுக்கு இந்த ஏற்பிகளை அடைக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். குஞ்சுகளுக்குப் பால் குடிக்கவே தெரியவில்லை, வாடி இறந்தன. சிசு பால் குடிக்கக் கற்பதற்கும் இந்த ஏற்பாடு துணை செய்கிறது என்று இதனால் தெரிகிறது.

இவ்வளவு நுட்பமான இடத்தில் வெளிப் பொருளை நுழைக்கலாமா? டி.எச்.சி. கொழுப்பில் கரைவது. கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியைக் கடந்து போகிறது, தாய்ப்பாலிலும் சேருகிறது. கர்ப்ப காலத்தில் கஞ்சா உபயோகித்த தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தைகள் பிறப்பது அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். மசக்கை வாந்திக்கு இது நல்லது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக் கொள்ளாதீர்கள்.

வலிப்புக்கு வந்த மருந்து

கல்கத்தாக் குழந்தை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அந்த நூலை மறுபடி பிடிப்போம். மெஷூலமும் பிரேஸில் நாட்டு வைத்தியர்களும் சேர்ந்து, மயக்கம் தராத சி.பி.டி.யை மட்டும், வேறு மருந்துகளுக்கு அடங்காத வலிப்பு நோயாளிகள் எட்டுப் பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நாலு பேருக்கு வலிப்பு அநேகமாக நின்றே போயிற்று. அதை அவர்கள் வெளியிட்டது 1980-இல். எட்டே பேர் என்பதாலோ, கஞ்சா என்ற பெயரைக் கண்டு கூசியதாலோ, முப்பது வருஷத்துக்கு மேல் அதைப் பெரிதாக யாரும் எடுத்து நடத்தவில்லை.

'டிராவெட்' என்று ஒரு கொடிய வலிப்பு நோய் உண்டு. முதல் பிறந்த நாளுக்குள் ஆரம்பிக்கும். சாதாரண மருந்துகளுக்கு அடங்காது. குழந்தையின் பக்கத்தில் தாய் இரவெல்லாம் கண்விழித்துக் கிடப்பாள். இந்த நோயுள்ள 120 பிள்ளைகளை வைத்து நடந்த பரிசோதனை 2017-இல் வெளிவந்தது. பாதிப் பேருக்குச் சுத்தமான சி.பி.டி.; பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் எண்ணெய். சி.பி.டி. சாப்பிட்டவர்களுக்கு நடுத்தரமாக மாதம் 12.4 தடவை வந்து கொண்டிருந்த வலிப்பு 5.9 ஆகக் குறைந்தது. மற்றவர்களுக்கு 14.9 என்பது 14.1 ஆயிற்று, அவ்வளவுதான். 2018-இல் அமெரிக்க அரசாங்கம் 'எபிடியோலெக்ஸ்' என்ற பெயரில் அதை மருந்தாக அங்கீகரித்தது. கல்கத்தாக் குழந்தைக்குச் சொட்டு விட்டு நூற்று எழுபத்தொன்பது வருஷம் கழித்து!

ஆனால் அது அமிர்தம் அல்ல. தூக்கக் கலக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாம் உண்டு. ஈரலைக் கெடுக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்து கொண்டே கொடுக்க வேண்டும். அளவும் கொஞ்சமல்ல. அந்தப் பரிசோதனையில் குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்குத் தினம் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். இருபது கிலோ குழந்தைக்குத் தினம் 400 மில்லிகிராம்! நாலு சொட்டில் வலிப்பு தீரும் என்று சொல்பவர்களை நம்பி, டாக்டர் கொடுத்திருக்கும் மருந்தை மட்டும் தயவு செய்து நிறுத்தி விடாதீர்கள்.

பாட்டியின் புட்டி

மறுபடி பாட்டியின் புட்டிக்கு வருவோம். அது ஹெம்ப் செடியிலிருந்து எடுத்த சி.பி.டி. எண்ணெய் என்று எழுதியிருந்தது. ஆகவே பாட்டி பயந்த மாதிரி அது 'கஞ்சாக் குடி' அல்ல. அதனாலேயே சாப்பிடலாமா?

மூன்று விஷயங்களைப் பாட்டிக்குச் சொன்னேன்.

முதலாவது: புட்டியின் மேல் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறது என்பது நிச்சயமில்லை. 2017-இல் அமெரிக்காவில் இணையக் கடைகளிலிருந்து இப்படிப்பட்ட 84 சரக்குகளை வரவழைத்துச் சோதித்தார்கள். எழுதிய அளவு சரியாக இருந்தது 26-இல் மட்டுமே. 18-இல் டி.எச்.சி.யும் கலந்திருந்தது.

இரண்டாவது: முழங்காலுக்கு அது பலன் தரும் என்பதும் நிரூபணமாகவில்லை. வியன்னா நகரத்தில் முழங்கால் தேய்மான வலியுள்ள 86 பேருக்கு எட்டு வாரம் பாரஸிட்டமால் மாத்திரை கொடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் கூடவே தினம் 600 மில்லிகிராம் சி.பி.டி.யும் கொடுத்தார்கள். 2023-இல் முடிவு வந்தது: சி.பி.டி. சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு வலி அதிகமாய்க் குறையவில்லை.

மூன்றாவதுதான் என்னைக் கதி கலங்க வைத்தது. "பாட்டி, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டேன். "ஹார்ட்டுக்கு ஒரு மாத்திரை. ரத்தம் கட்டிக் கொள்ளாமல் இருக்கவாம். மாதா மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்து அளவு சொல்கிறார்" என்றாள். அது வார்ஃபரின் என்ற மாத்திரை. அதை ஈரல்தான் கரைத்து வெளியேற்ற வேண்டும். சி.பி.டி. உள்ளே போனால் ஈரலின் அந்த வேலை தடைப்படுகிறது. மாத்திரையின் வேகம் உடம்பில் தானாக ஏறி, எங்கேயாவது ரத்தம் கசிய ஆரம்பித்தால்? மறுநாள் புட்டியும் கையுமாக டாக்டரிடம் போனோம். படித்துப் பார்த்து விட்டு, "உங்களுக்கு வேண்டாம் அம்மா" என்று அதைத் திருப்பிக் கொடுத்தார். இலைப் படத்தைப் பார்த்துப் பயந்தது பாட்டியைக் காப்பாற்றியது. பயப்பட வேண்டியதோ மாத்திரையோடு எண்ணெய் சேருவதற்குத்தான்!

பேரனின் கேள்வி

அன்றிரவு சின்னப் பேரன் தனியாக வந்தான். மத்தியானச் சிரிப்பு முகத்தில் இல்லை.

"அக்கா, எங்கள் வகுப்பில் ஒருவன்... போன வருஷத்திலிருந்து தினம் இழுக்கிறான். இப்போது எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான். அறையில் யாருமே இல்லாதபோது யாரோ கூப்பிடுகிறார்கள் என்கிறான். நாங்கள் எல்லாரும் கேலி செய்து கொண்டிருந்தோம். இது அதனால்தானா?"

எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. டாக்டர்தான் நிச்சயமாய்ச் சொல்ல முடியும் என்றேன். ஆனால் ஸ்வீடன் தேசத்தில் செய்த ஓர் ஆராய்ச்சியை மறைக்காமல் சொன்னேன். ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞர்களைப் பதினைந்து வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா உபயோகித்தவர்களுக்கு, உபயோகிக்காதவர்களைப்போல் ஆறு மடங்கு மனச்சிதைவு நோய் கண்டது. 1987-இல் வந்த முடிவு இது. குடும்பம், குணம் முதலிய வேறு காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது பிற்பாடு அந்த மடங்கு குறைந்தது, ஆனால் மறையவில்லை. எல்லாருக்கும் வருவதில்லை என்பது வாஸ்தவம். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதும் வாஸ்தவம்.

மூளை பழுப்பதற்கு ஏறக்குறைய இருபத்தைந்து வயதாகிறது. எந்த நரம்பு எதனோடு பேச வேண்டும் என்று பந்தி ஒழுங்குபடுகிற வயது அது. அந்த வயதில் ஒலிபெருக்கி வைத்துக் கத்தினால் ஒழுங்கு குலையாதா? பெரியவர்களான பிறகு தொடுபவர்களில் பத்தில் ஒருவர்போல அடிமையாகிறார்கள் என்றால், பதின்பருவத்தில் தொடங்குகிறவர்களில் ஆறில் ஒருவர்போல ஆகிறார்கள். 1985-ஆம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்தின்கீழ் கஞ்சாவை வைத்திருப்பதும் விற்பதும் குடிப்பதும் குற்றம் என்பது வேறு.

"நீ அவனைக் கேலி செய்யாதே, தனியாகவும் விட்டு விடாதே. அவன் அப்பா அம்மாவுக்குச் சொல்லு. காட்டிக் கொடுப்பதாக நினைத்துக் கொள்ளாதே, கை கொடுப்பதுதான் இது" என்றேன். மனக் கஷ்டங்களுக்கென்று சர்க்கார் நடத்தும் 14416 என்ற தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பையனுடைய தகப்பனார் போன வாரம் ஊரிலிருந்து வந்து அவனை அழைத்துப் போயிருக்கிறார். வைத்தியம் நடக்கிறது. சீக்கிரமே பிடித்து விட்டதால் நம்பிக்கையாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு புட்டி வரலாம். உங்கள் பிள்ளையும் 'வெறும் இலைதானே' என்று சொல்லலாம். புட்டி வந்தால் அதைத் தூக்கி எறிவதற்கு முன்பும், வாயில் விடுவதற்கு முன்பும், டாக்டரிடம் கொண்டு போய்க் காட்டுங்கள். சாப்பிடுகிற மற்ற மருந்துகளையும் சொல்லுங்கள். பிள்ளை சொன்னால், அடிக்க வேண்டாம், அழ வேண்டாம். பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு பந்திக் கதையைச் சொல்லுங்கள். அரளியும் இலைதான், ஊமத்தையும் இலைதான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பாட்டி இப்போது முழங்காலுக்கு டாக்டர் சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் செய்து கொண்டிருக்கிறாள். நேற்று வாசலில் பார்த்தபோது, "வலி கொஞ்சம் தேவலை. ஆனால் அந்தப் பிள்ளை ஆசையாய் வாங்கி வந்தானே, அவனிடம் எண்ணெயில் குணம் தெரிகிறது என்று சொல்லி விடட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டவே வேண்டாம் பாட்டி! சொன்னால் அடுத்த தடவை நாலு புட்டியாக வாங்கி வந்து விடுவான்!" என்றேன்.